உறைந்த தோளும் மூன்று வழிகளும்



ஒரு கை வேலை செய்யாமற் போனால் ஒரு பெண்ணின் வீடு என்னவாகும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை. ஷெல் காயத்தில் கையை இழந்தவர்களும், முறிந்த கை சரியாகப் பொருந்தாமல் வளைந்து நிற்பவர்களும் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். என்னுடைய இடது கையிலும் 2009 ஆம் ஆண்டு ஏறிய இரண்டு இரும்புத் துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அந்தக் கையால் பாரம் பிடிக்க முடியாது. தையல் மெசினில் துணியைத் தள்ளுவது, கிணற்றில் வாளி இழுப்பது, தேங்காய் திருவுவது என்று எல்லாவற்றுக்கும் எனக்கு வலது கைதான். என் மகளின் படிப்பும் அந்தக் கையில்தான் தங்கியிருந்தது.

அந்த வலது கை 2022 ஆம் ஆண்டு ஆனி மாதம் நோகத் தொடங்கியது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு நாள் இரவு தோள்மூட்டில் ஓர் உளைவு வந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மெசினில் அதிக நேரம் இருந்ததால் வந்த அலுப்பு என்று நினைத்தேன். அது எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். பஸ் ஓடுவதே நிச்சயமில்லை. தோள் நோவுக்காக யார் வைத்தியசாலைக்குப் போவார்கள்?

எண்ணெய் பூசி உருவினேன். பிறகு அயலவர் சொன்ன ஒருவரிடம் போனேன். எண்ணெயும் ஒத்தடமும் இதமாகத்தான் இருந்தன. ஆனால் மூன்றாம் நாள் அவர் என் கையைப் பிடித்துத் தலைக்குமேல் இழுத்தார். அன்றிரவு நான் அழுத அழுகையில் மகளும் சேர்ந்து அழுதாள். அதற்குப் பிறகு ஒருவரையும் தோளைத் தொடவிடவில்லை. கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே நடமாடினேன்.

ஐப்பசி மாதமளவில் இரவு நோவு குறைந்தது. சுகம் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கை மேலே எழும்பவில்லை. தலை வார முடியவில்லை. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஊக்குப் பூட்ட முடியவில்லை. கொடியில் உடுப்புப் போட முடியவில்லை. 51 வயதில் மகளிடம் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். உயர்தரம் படிக்கிற பிள்ளை காலையில் தன் தலையையும் என் தலையையும் வாரிவிட்டுப் பாடசாலைக்கு ஓடினாள்.

சீருடைக் காலம் வந்தபோது வழமையாகத் தைப்பதில் பாதியைக்கூட என்னால் தைக்க முடியவில்லை. அப்போதுதான் இதை இப்படியே விடக்கூடாது என்று 2023 தை மாதம் கிளினிக்குக்குப் போனேன்.

உறைந்த தோள் என்றால் என்ன?

வைத்தியர் முதலில் என் கையைத் தானே தூக்கிப் பார்த்தார். பிறகு முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். இரண்டு வகையிலும் கை ஓரிடத்தில் பூட்டுப் போட்டதுபோல நின்றது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்தபோது மூட்டில் தேய்வு இல்லை.

"அம்மா, தசை அறுந்திருந்தால் உங்களால் கையைத் தூக்க ஏலாது, ஆனால் நான் தூக்கினால் எழும்பும். உங்கட கையை நான் தூக்கினாலும் எழும்பயில்லை. இது உறைஞ்ச தோள்" என்றார். பிறகு, "சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. ஆறு வருடங்களாக இருக்கிறது. குளிசையை ஒழுங்காகப் போட்டேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு இந்த வருத்தத்தை விளங்கிக்கொள்வது சுலபம். ஒரு சட்டை தைக்கும்போது கமக்கட்டில் கொஞ்சம் தளர்வு விடுகிறோம். அதை இறுக்கமாக வெட்டிவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே இழுபடும். தோள்மூட்டும் அப்படித்தான். பந்தும் கிண்ணமும்போல இரண்டு எலும்புகள். அவற்றைச் சுற்றி ஓர் உறை. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காக அந்த மூட்டுறை கீழ்ப்பக்கத்தில் தளர்வாக மடிந்திருக்கிறது. உறைந்த தோளில் இந்த உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. கையைத் தூக்கினால் தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி எழும்பும், கை எழும்பாது.

'உறைந்த தோள்' என்ற பெயரை 1934 இல் வைத்தவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சை வைத்தியரான ஏர்னெஸ்ற் கொட்மன். ஜப்பானியர் இதனை 'ஐம்பது வயதுத் தோள்' என்பார்கள். 40 முதல் 60 வயது வரையானவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தைரொயிட் வருத்தம் உள்ளவர்களுக்கும் வரலாம். காயம் பட்டோ, முறிந்தோ, நெடுநாள் கையை அசையாமல் கட்டி வைத்திருந்தாலும் தோள் இறுகும்.

இது மூன்று கட்டமாகப் போகும். முதலில் நோவு, அது மாதக்கணக்கில் நீடிக்கும். பிறகு நோவு குறைந்து இறுக்கம் கூடும். கடைசியாக மெல்ல மெல்ல இளகும். எல்லாம் சேர்த்து ஒன்று முதல் மூன்று வருடம் வரை செல்லலாம். பலருக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே இளகிவிடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கொஞ்ச இறுக்கம் நின்றுவிடுவதும் உண்டு.

எனக்கு முதலில் மூட்டுக்குள் ஒரு ஸ்ரெரொயிட் ஊசி போட்டார்கள். நோவு நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த ஊசி சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே கேட்டு அறிந்து, அந்த நாட்களில் சீனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மற்ற இருவரையும் சந்தித்தேன்.

மூன்று பெண்கள், மூன்று தோள்கள்

ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் ரீச்சர் என்போம். மற்றவர் கடற்கரைக் கிராமத்தில் கருவாடு போடுகிற அக்கா. எங்கள் மூவருக்கும் வியாழக்கிழமைதான் கிளினிக். வாங்கில் வரிசையாக இருந்து, யாருடைய கை எவ்வளவு எழும்புகிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

எட்டு மாதம் போனது. ரீச்சருக்கும் எனக்கும் கை தோள்மட்டத்துக்கு மேலே போகவில்லை. 2023 ஆவணி மாதம் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் எங்களுக்கு இரண்டு முறைகளைச் சொன்னார்.

முதலாவது, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து இளக்குவது. வெட்டுக்காயம் இல்லை. நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும்போது வைத்தியர் கையைப் பிடித்து, முறையாக, ஒவ்வொரு திசைக்கும் மெதுவாகத் தள்ளுவார். சுருங்கிய மூட்டுறை விட்டுக்கொடுத்து இளகும். சில நிமிட வேலைதான். வழமையாக அப்போதே மூட்டுக்குள் ஸ்ரெரொயிட் ஊசியும் போடுவார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த எண்ணெய்க்காரர் இழுத்தது நினைவுக்கு வந்தது. "அவர் செய்ததும் இதுதானே டொக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இல்லையம்மா. முழிச்சிருக்கிற ஆளின்ர தசை இழுப்புக்கு எதிராக இறுகும். மயக்கத்தில தசை தளர்ந்திருக்கும். எக்ஸ்றே பார்க்காமல், மயக்கம் குடுக்காமல் ஒருத்தரும் அப்பிடி இழுக்கக்கூடாது" என்றார்.

இரண்டாவது, நுண்துளைச் சத்திரசிகிச்சை. தோளில் இரண்டு அல்லது மூன்று சிறிய துளைகள் போட்டு, ஒன்றால் கமராக் குழாயை விட்டு, திரையில் பார்த்துக்கொண்டு, தடித்த மூட்டுறையை வெட்டி விடுவது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லலாம். துளைகளுக்கு ஒன்றிரண்டு தையல்.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால், முதல் முறை இறுகிய தையலை இழுத்து விடுவிப்பது. இரண்டாவது முறை தையலைப் பார்த்துப் பார்த்துக் கத்தரியால் பிரிப்பது. இழுத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் நூல் விடுவதற்குப் பதிலாகச் சிலவேளை துணி கிழிந்துவிடும். கத்தரியால் பிரித்தால் எங்கே வெட்டுகிறோம் என்று தெரியும். ஆனால் கத்தரி படக்கூடாத இடத்தில் படாமல் பார்க்கவேண்டும்.

அசைத்து இளக்கும்போது மேற்கை எலும்பு முறிவது, தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிவது, மூட்டு விலகுவது, நரம்பு இழுபடுவது ஆகிய ஆபத்துகள் உண்டு. இவை அரிது. நுண்துளை முறையில் கிருமித் தொற்று வரலாம். மூட்டுக்குக் கீழே ஓடுகிற நரம்பில் சேதம் வரலாம். இவையும் அரிது. இரண்டுக்கும் மயக்க மருந்தின் ஆபத்து பொது.

கருவாட்டு அக்காவுக்கும் இதே இரண்டையும்தான் சொன்னார்கள். அவருக்குப் படுக்கையில் கிடக்கும் தாய் இருக்கிறார். "நான் வாட்டில படுத்தால் அம்மாவை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார். அவருக்கு இன்னுமொரு ஊசியும் பயிற்சியும் மட்டும் தொடர்ந்தன. அது மூன்றாவது வழி.

எது நல்லது?

இந்தக் கேள்வியை நான் அந்த நிபுணரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் 35 வைத்தியசாலைகளில், உறைந்த தோள் உள்ள 503 பேரை வைத்து இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2015 முதல் 2017 வரை ஆட்களைச் சேர்த்தார்கள். முடிவு 2020 இல் லான்செற் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்தார்கள். ஒரு பகுதிக்கு மயக்கத்தில் அசைத்து இளக்கினார்கள். ஒரு பகுதிக்கு நுண்துளைச் சத்திரசிகிச்சை. மீதிப்பேருக்கு ஊசியும் ஒழுங்கான இயன்மருத்துவமும். சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் பின்னர் இயன்மருத்துவம் கொடுத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து ஒவ்வொருவரிடமும் தோளைப் பற்றி 12 கேள்விகள் கேட்டார்கள். உடுப்புப் போட முடிகிறதா, தலை வார முடிகிறதா, இரவில் நோவு இருக்கிறதா என்ற மாதிரியான கேள்விகள். முழுச் சுகம் என்றால் 48 புள்ளி. நுண்துளை செய்தவர்களுக்குச் சராசரி 40.3. அசைத்து இளக்கியவர்களுக்கு 38.3. ஊசியும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களுக்கு 37.2.

பார்த்தால் நுண்துளை முன்னுக்கு நிற்பதுபோலத் தெரியும். ஆனால் 4, 5 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் ஒரு நோயாளி அதைத் தன் வாழ்க்கையில் உணர்வார் என்று ஆய்வாளர்கள் முன்பே வரையறுத்திருந்தார்கள். அந்த அளவு வித்தியாசம் எந்த இரண்டுக்கும் இடையில் வரவில்லை. மூன்று வழியில் போனவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது. நுண்துளைக்குப் பிறகு வேறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மிகக் குறைவு; ஊசியும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில்தான் அதிகமானோருக்கு மேலும் ஏதாவது செய்யவேண்டி வந்தது. மறுபக்கத்தில், பாரதூரமான பாதிப்புகள் நுண்துளைப் பிரிவில் 8 உம், அசைத்து இளக்கிய பிரிவில் 2 உம் பதிவாகின. செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தபோது அசைத்து இளக்குவதே சிக்கனமானது என்று முடிவு செய்தார்கள்.

"அப்ப எதைச் செய்தாலும் ஒண்டோ டொக்டர்?" என்றேன்.

"எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒண்டு. ஆனால் நீங்கள் எல்லாரும் இல்லை, நீங்கள் ஒராள். உங்கட எலும்பு, உங்கட சீனி, உங்கட வீடு, இந்த மூண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும்" என்றார்.

என் முடிவு

எனக்கு 44 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. 2020 இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சின்ன விழுகைதான். இந்த இரண்டையும் சொன்னதும் அவர் முகம் மாறியது. சின்ன விழுகையில் எலும்பு முறிந்தால் எலும்பு நலிந்திருக்கலாம்; அப்படிப்பட்ட கையை இழுத்து அசைத்தால் மேற்கை எலும்பு முறியும் ஆபத்து கூடும் என்றார். ஆகவே எனக்கு நுண்துளை முறையைச் சிபாரிசு செய்தார். ரீச்சருக்கு எலும்பு உறுதி, சீனியும் இல்லை. அவருக்கு அசைத்து இளக்குவது என்று முடிவானது.

வீட்டில் வந்து சொன்னபோது அண்ணா மறுத்தார். "கத்தி வைச்சால் இருக்கிற கையும் விளங்காமல் போயிடும். சும்மா விடு, தன்பாட்டில மாறும்" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அது தானாக இளகியும் இருக்கலாம். ஆனால் அடுத்த சீருடைக் காலம் வரை நான் பொறுத்திருக்க முடியாது. கடன் புத்தகம் ஏறிக்கொண்டே இருந்தது. மற்றக் கை பாரம் பிடிக்காத கை. இதை எல்லாம் அண்ணாவிடம் சொன்னேன். கடைசியில், "உன்ர கை, நீதான் யோசி" என்றார்.

எனக்கிருந்த பெரிய பயம் கத்தி அல்ல. மயக்கம். 2009 இல் காயத்தோடு கொண்டுபோய்க் கிடத்திய இடத்தில், பக்கத்தில் மயங்கியவர்கள் பலர் எழும்பவில்லை. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் முதல் நாள் வந்து, "ஏதும் பயம் இருக்கோ அம்மா?" என்று கேட்டபோது சொல்லிவிட்டேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து முழுவதையும் கேட்டார். "நீங்கள் நித்திரையாகும்வரைக்கும் நான் பக்கத்திலதான் நிப்பன். முழிக்கேக்கையும் நிப்பன்" என்றார். சகோதரிகளே, உங்களுக்கும் இப்படியான பயம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் அவர்கள் அறியவேண்டிய விடயம்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதலில் குறித்த திகதியில் எனக்குச் சிகிச்சை நடக்கவில்லை. காலையில் பார்த்தபோது சீனி ஏறியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் வந்தாள். அதன்பிறகு ஐந்து கிழமை குளிசையையும் சாப்பாட்டையும் ஒழுங்காக்கினேன். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தொற்று வரும் ஆபத்து கூடும். தோள் இளகுவதும் மெதுவாகும்.

2023 ஐப்பசியில் சத்திரசிகிச்சை நடந்தது. சம்மதப் படிவத்தில் என் வலது கையாலேயே கையொப்பம் வைத்தேன். அரசாங்க வைத்தியசாலை என்பதால் பணம் கேட்கவில்லை. விழித்தபோது மகள் நின்றாள், அந்த வைத்தியரும் நின்றார். கழுத்தடியில் போட்ட ஊசியால் கை முழுவதும் மரத்துப்போய், எனக்குச் சொந்தமில்லாத பொருள்போலக் கிடந்தது. அது மறுநாள் மாறியது. மறுநாளே இயன்மருத்துவப் பிள்ளை கட்டிலடிக்கு வந்துவிட்டாள்.

"அன்ரி, டொக்டர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நீங்கள் நடக்காட்டில் அது திரும்பப் பூட்டிக்கொள்ளும்" என்றாள்.

பயிற்சிதான் பாதிச் சிகிச்சை

அவள் சொன்னது மூன்று வழிக்கும் பொருந்தும். வீட்டில் நான் செய்த பயிற்சிகள் இவை. உங்கள் தோளுக்கு எது, எப்போது என்பதை உங்கள் இயன்மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

மேசையில் மற்றக் கையை ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தொங்கவிட்டு மணிக்கூட்டு ஊசல்போல ஆட்டுவது.

சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மேலே மேலே நடப்பது. எட்டிய இடத்தில் மகள் கரிக்கட்டியால் கோடு போட்டாள். கோடு ஏறுவதைப் பார்ப்பதே ஒரு தைரியம்.

துவாயை முதுகுக்குப் பின்னால் மேலும் கீழுமாகப் பிடித்து, நல்ல கையால் மெதுவாக மேலே இழுப்பது.

முழங்கையை இடுப்போடு வைத்து, இரண்டு கையாலும் ஒரு தடியைப் பிடித்து, நோகும் கையை வெளிப்பக்கம் தள்ளுவது.

எனக்கு மிகவும் உதவியது கப்பி. பழைய கிணற்றுக் கப்பியை மாமரக் கிளையில் கட்டி, கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் பிடித்து, ஒன்றை இழுத்தால் மற்றது உயரும். என் பலமில்லாத இடது கைக்கு அதுவும் ஒரு பயிற்சியாகியது.

சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்த பிறகு, நாளுக்கு மூன்று நான்கு தரம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் அளவில். கொஞ்சம் இழுபட்டு நோகலாம். ஆனால் பயிற்சி முடிந்து நீண்ட நேரத்துக்கு நோவு நின்றால், அடுத்தமுறை குறைக்கவேண்டும்.

முதல் இரண்டு மாதம் நான் ரீச்சரைவிடப் பின்தங்கித்தான் இருந்தேன். அவர் வீட்டுக்கு வந்த கிழமையே கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தையல் போட்ட தோள் முதலில் கொஞ்சம் தாமதிக்கும் என்று பிள்ளை ஆறுதல் சொன்னாள். நான்காம் மாதம் மெசினில் முழுநேரம் இருந்தேன்.

போகுமுன் கேட்கவேண்டியவை

உங்களுக்கோ, உங்கள் அம்மா, சகோதரிக்கோ இந்த நிலை வந்தால் வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மறக்காது.

1. இது உறைந்த தோள்தானா? எக்ஸ்றேயில் வேறு ஏதும் தெரிகிறதா?

2. ஊசியும் பயிற்சியும் போதுமான காலம் செய்து பார்த்துவிட்டோமா?

3. என் எலும்பு அசைத்து இளக்குவதைத் தாங்குமா?

4. எனக்கு எந்த முறை, ஏன்? அதன் ஆபத்து என்ன?

5. எத்தனை நாள் வாட்டில் இருக்கவேண்டும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

6. பயிற்சிக்கு எங்கே, எத்தனை தரம் வரவேண்டும்? தூரமென்றால் வீட்டில் எதைச் செய்யலாம்?

நீங்களாகச் சொல்லவேண்டியவையும் உண்டு. நீரிழிவு, தைரொயிட், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை, முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது இரும்புத் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ என்ற படம் பெரிய காந்தத்தால் எடுப்பது. இரும்புத் துண்டு உள்ளவர்களை அதற்குள் அனுப்புமுன் ஆராயவேண்டும். எக்ஸ்றேக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், காயத்தில் சீழ், திடீர்க் கடும் நோவு, மரப்பு ஊசி விட்டபிறகும் கை உணர்விழந்து இருப்பது, கை சட்டென்று எழும்பாமற்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே போங்கள். தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் அது தோள் வருத்தமாக இராது, இதயமாக இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

ஒரு வருடத்துக்குப் பிறகு

2024 ஐப்பசியில் கிளினிக்கில் நாங்கள் மூவரும் திரும்பச் சந்தித்தோம். கருவாட்டு அக்காவுக்கு எங்களைவிட அதிக காலம் எடுத்தது. தாயின் கட்டிலடியில் நின்றே சுவரில் விரல் நடந்திருக்கிறார். "மீனைக் காயவைக்கிற பரணுக்குக் கை எட்டுது" என்றார். ரீச்சர் தன் கொண்டையைத் தானே போட்டிருந்தார். நானும் என் தலையை நானே வாரிக்கொண்டுதான் போயிருந்தேன். யார் எந்த வழியால் வந்தோம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எல்லாம் பூரணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அலுமாரியின் மேல்தட்டு இன்னும் எட்டாது. முதுகு ஊக்கு இன்னும் பூட்டமுடியாது. அதனால் எனக்கு முன்பக்கம் பூட்டுகிற சட்டை தைத்துக்கொண்டேன். அதைக் கண்டு கிளினிக்கில் இரண்டு பேர் தங்களுக்கும் கேட்டார்கள். இப்போது தோள் ஏலாதவர்களுக்கென்று அந்த மாதிரிச் சட்டைகளையும் தைக்கிறேன். கமக்கட்டில் வழமையைவிட ஓர் அங்குலம் கூடுதலாகத் தளர்வு விடுகிறேன்.

சகோதரிகளே, பெரிய நோவுகளைக் கண்டவர்கள் நாங்கள். அதனாலேயே சின்ன நோவுகளை மதிக்காமல் விட்டுவிடுகிறோம். 'இதுவும் ஒரு வருத்தமா' என்று நான் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் ஊசியும் பயிற்சியும் தொடங்கியிருந்தால் ஒருவேளை கத்தியே தேவைப்பட்டிராது. தோள் இறுகத் தொடங்கினால் கையை உடம்போடு ஒட்டி மறைத்து வைக்காதீர்கள். போய்க் காட்டுங்கள், கேளுங்கள். பிறகு எந்த வழியென்று நீங்களே முடிவெடுங்கள்.